சிவப்புப் புள்ளியில் குடியிருப்பவன் சம்பந்திக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவேன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் நாங்கள் எல்லோரும் வெந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இப்போது ஆறிவிட்டோம், அதனால் பேனாவை எடுத்தேன். நீங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் மூட்டுவலி சமீபத்தில் என் மூட்டுக்குக் குடிவந்துவிட்டதால் உங்களுக்குக் கட்டாயம் குறைந்திருக்கும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உங்கள் மகள் போனில் சொல்லிவிடுவாள், அதற்குள் நானே சொன்னால் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபத்தொரு நிமிஷத்துக்கு நான் எங்கள் மொட்டைமாடியில் இடுப்பில் ஒரு துண்டும், மேலே சொட்டச் சொட்ட நனைத்த போர்வையுமாக, ஆகாயத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றேன். தனியாக நின்றிருந்தால் வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் வைத்தியம் பார்த்திருப்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் பதினோரு வீட்டு மாடியிலும் ஆட்கள் அதே கோலத்தில்தான் நின்றார்கள், என் பேச்சைக் கேட்டு. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா மட்டும் தன் வெள்ளைக் கோட்டை நனைத்து மாட்டிக்கொண்டு படித்தவர் மாதிரி நின்றார்.

ஏன் நின்றோம் என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் மகளால் வந்தது. சம்பந்தம் பேச வந்தபோது நகரமைப்பு அலுவலகத்தில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நீங்கள் விளக்கினீர்கள், நான் புரிந்தமாதிரி தலையை ஆட்டினேன், அப்புறம் மூன்று வருஷம் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். இந்தக் கோடையில்தான் அவள் ஒருநாள் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறதாம், பதினாறு நாளுக்கு ஒருமுறை சரியாகப் பத்து இருபத்தொன்றுக்கு எங்கள் ஊரைக் கடக்கிறதாம், கடக்கும்போது தரை எவ்வளவு சுடுகிறது என்று படம் பிடித்துக்கொண்டு போகிறதாம். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய படத்தில் எங்கள் பக்கம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. இப்போதைய படத்தில் ஒரே சிவப்பு.

"இதுல நம்ம தெரு எங்கம்மா?" என்றேன்.

"அதோ, ரத்தம் கட்டின மாதிரி இருக்கே, அந்தப் புள்ளிதான் மாமா."

"நேத்து சாயங்காலம்கூட நல்லாக் காத்து வந்ததே?"

"காத்தோட சூடு வேற, தரையோட சூடு வேற மாமா. இது தரைக்கு எடுத்த படம்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவளுக்கு ஒரு புதுப்பழக்கம். கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, எதைக் குறிபார்த்து அழுத்தினாலும் அதன் சூட்டைச் சொல்லிவிடும். சுவரைச் சுட்டாள், கூரையைச் சுட்டாள், என் ஸ்கூட்டர் சீட்டைச் சுட்டாள். மத்தியானம் கடையிலிருந்து வெயிலில் நடந்து வந்த என்னையும் வாசலிலேயே நிறுத்தி வழுக்கைத் தலையைச் சுட்டாள். நாற்பத்திரண்டு டிகிரி. சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது: "ஒரு புல்பூண்டு கிடையாது, சுடாம என்ன செய்யும்?"

சிரித்தோம், சரி. ஆனால் அன்று சாயங்காலம் என் பையன் கீழே இறங்கிவந்து என் எதிரில் உட்கார்ந்தான். அவன் எதிரில் உட்கார்ந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம், சின்ன வயதில் பரீட்சைத்தாளோடு உட்காருவான். "அப்பா, மாடி ரூம்ல இருக்க முடியல. குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. ஏரிப்பக்கம் ஒரு வீடு பாத்திருக்கோம்" என்றான். கீழே வந்து படுங்களேன் என்றேன். கீழே இருக்கிற ஒரே படுக்கையறையில் நாங்கள் இருக்கிறோம், முன்னறை ஜன்னலோ டைல்ஸ் பதித்த முற்றத்தைப் பார்த்தபடி திறக்கிறது, பத்து மணிக்கு மேல் அதைத் திறந்தால் அடுப்பு ஊதுகிற மாதிரி இருக்கும். என் யோசனையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாததில்லை சம்பந்தி, நம் பேத்திக்கு ஏழு மாதம். நான் கடையை மூடிவிட்டு வந்ததும் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போடுவதற்கென்றே அந்த வீட்டில் ஒரு ஆள் காத்திருக்கிறாள். இரண்டு கண்ணாடி போயாயிற்று. மூன்றாவதும் போக வேண்டும், அவள் கையால்தான் போக வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து உங்கள் மகள்தான் இரக்கப்பட்டாள். "அவசரப்பட வேணாம் மாமா. இன்னும் மூணு படம் பாப்போம். சூடு இறங்கினா இருக்கோம், இறங்கலைன்னா போறோம்." நியாயமான பெண், நீங்கள் வளர்த்த வளர்ப்பு. ஆனால் இந்த நியாயம்தான் என்னைக் கெடுத்தது. வீட்டில் இருப்பதா போவதா என்று முடிவு செய்யப்போவது மேலே சுற்றுகிற ஒரு பெட்டி என்றால், அந்தப் பெட்டியை ஏமாற்றினால் போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முப்பது வருஷம் டைல்ஸ் கடை நடத்தியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இங்கேதான் இரண்டாவது வெட்கம். எங்கள் தெரு சிவப்பானதற்கு வெயில் பாதிக் காரணம், நான் பாதிக் காரணம். எங்கள் வாசல் மரம் பூச்சிவந்து பட்டுப்போயிற்று என்று உங்களிடம் சொன்னேனே, அது பூச்சி இல்லை, நான். காரை நிறுத்த வெட்டினேன், முற்றம் முழுக்க டைல்ஸ் பதித்தேன், அதையே கடைக்கு விளம்பரமாக வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "இலை விழாது, சேறு படாது, எறும்பு அண்டாது, ஒரு வாளித் தண்ணியில கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று நான் பேசிய பேச்சில் பதினோரு வீட்டிலும் மரம் போய் என் டைல்ஸ் வந்தது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு மரம்தானே என்றுதான் வெட்டினார்கள். தெரு பளபளவென்று ஆன அன்று எடுத்த போட்டோ இன்னும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. உங்கள் மகள் அதைப் பலதடவை பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

சரி, முதல் படத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டை மட்டும் குளிரவைத்தால் போதாது, தெருவே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் எல்லோரையும் கூட்டினேன். பேத்தி போய்விடுவாள் என்றதும் யாரும் மறுக்கவில்லை. கோடிவீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு நேரக்கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதியவர், ஒத்திகைக்கே விசிலும் பச்சைக்கொடியும் கொண்டுவந்தார். உங்கள் மகளும் என் பையனும் வேலைக்குப் போன பிறகு தெருவில் லாரித் தண்ணீர் தெளித்தோம், மாடிகளில் நனைத்த போர்வை விரித்தோம், விரித்தது போதாது, ஆளும் சுடக்கூடாது என்று கார்டு சொன்னதால் எங்களையும் நனைத்துக்கொண்டோம். பத்து இருபதுக்கு விசில். எல்லோரும் நிமிர்ந்து நின்றோம். அப்போது பார்த்து, மூன்று மாதமாக எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஒரு மேகம், அதுவும் ஒரே ஒரு மேகம், நேரே எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. கார்டு சிவப்புக்கொடியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். மேகம் மதிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உங்கள் மகள் வேலையிலிருந்து வந்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "நம்ம தெரு எவ்வளவும்மா?" என்றேன். "மைனஸ் எட்டு மாமா" என்றாள். அவ்வளவுதான், மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி மைனஸ் எட்டு மைனஸ் எட்டு என்று கத்தினேன். கார்டு மாடியில் ஏறிப் பச்சைக்கொடி காட்டினார். பல் டாக்டரம்மா இனிப்பு பல்லுக்குக் கெடுதல் என்று வீட்டுக்கு ஒரு பல்துலக்கி கொடுத்தார். எல்லாம் முடிந்து திரும்பி வந்தேன், அவள் காபியை ஆற்றிக்கொண்டே முடித்தாள்: "அது மேகத்தோட உச்சி மாமா. தரை தெரியவே இல்ல. அந்தப் படத்தைக் கழிச்சுட்டோம்." பல்துலக்கிகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதோடு விட்டேனா? மரம் இருக்கிற இடம் பச்சை, இல்லாத இடம் சிவப்பு, ஆக மேலே இருக்கிறவன் பச்சையைத்தான் தேடுகிறான் என்று நானே ஒரு ஆராய்ச்சி செய்தேன். என் கடைக் கிடங்கில் பிளாஸ்டிக் புல் சுருள் சுருளாகக் கிடந்தது. நல்ல பச்சை. நிஜப் புல்லே வெட்கப்படும். இரண்டாவது படத்துக்கு முதல்நாள் பதினோரு மாடியிலும் விரித்தோம். "மேலேர்ந்து பாக்கறவனுக்குப் பச்சைன்னா பச்சைதானே" என்றேன். மறுநாள் வெயில் சுளீரென்று அடித்தது, ஒரு துணுக்கு மேகம் இல்லை, விசில் ஊதிற்று, கொடி ஆடிற்று, எல்லாம் சுபம்.

அந்த வாரக் கடைசியில் காலை பதினோரு மணிக்கு ஒரு அலுவலக ஜீப் வந்து வாசலில் நின்றது. உங்கள் மகளும் அவளுடைய மேலதிகாரியம்மாவும் இறங்கினார்கள். படத்தில் ஊரிலேயே இல்லாத சூடு ஒரு புள்ளியில் தெரிகிறதாம், அதைக் காட்டச் சிவப்பு போதாமல் கருஞ்சிவப்பு என்று ஒரு புது நிறம் சேர்த்தார்களாம், கருவி கெட்டுவிட்டதா என்று நேரில் அளக்க வந்திருக்கிறார்கள். நான் அப்போது மாடியில்தான் இருந்தேன், இருந்தேன் என்ன, மாட்டிக்கொண்டிருந்தேன், என் ரப்பர் செருப்பு அடிப்பாகம் இளகிப் பிளாஸ்டிக் புல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, செருப்பை விட்டுவிட்டு இறங்கினால் கால் வெந்துவிடும். ஒற்றைக்காலில் நிற்கிறேன். மேலதிகாரியம்மா துப்பாக்கியை நீட்டி அழுத்தினார். அறுபத்து மூன்று.

"யாருங்க இதை விரிச்சது?"

உங்கள் மகள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். "என் மாமனார் மேடம்."

"தெரு முழுக்கவா?"

"தெரு முழுக்க என் மாமனார்தான் மேடம்."

அந்த அம்மா நல்லவர், சிரிப்பை ஜீப் வரைக்கும் அடக்கிக்கொண்டு போனார். உங்கள் மகள் மட்டும் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "மாமா, இலை குளிர்ச்சியா இருக்கறது பச்சையா இருக்கறதால இல்ல. வேர்லேர்ந்து தண்ணிய இழுத்து ஆவியா விடுது. நமக்கு வேர்க்கற மாதிரி அதுக்கும் வேர்க்குது. பிளாஸ்டிக்குக்கு வேர்க்காது. எதுக்கு மாமா இதெல்லாம்?" என்றாள். "நீங்க போயிடுவீங்கன்னுதான்" என்றேன். அப்புறம் ஒற்றைக்காலில் நின்றபடியே மரம் வெட்டிய கதையையும் சொல்லிவிட்டேன். "தெரியும் மாமா, பழைய படத்துல மரமெல்லாம் இருக்கே" என்றாள். இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்!

செருப்பைக் கழற்ற அவளே உதவினாள். பிறகு என்னைத் தெருவில் நடத்திக்கொண்டு போனாள், அடிக்கு அடி சுட்டுக்கொண்டே. தார் ரோடு ஐம்பத்தொன்று. என் டைல்ஸ் ஐம்பத்து நான்கு. கார்டு வீட்டு வாசல் ஐம்பத்து நான்கு. தெருமுனையில் வெல்டிங் பட்டறை. அங்கே ஒரு பெரிய மரம், தெருவில் மிச்சமிருக்கிற ஒரே மரம், அதன் அடியில் பட்டறைக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு இரும்புக் கதவு ஒன்றைப் பொறிபறக்க ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவர் காலடி மண்ணைச் சுட்டாள். முப்பத்தொன்று. நாள் முழுக்க நெருப்பு எரிகிற இடம்தான் எங்கள் தெருவிலேயே குளிர்ந்த இடம்!

பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கினார். "என்ன சார், மறுபடி கையெழுத்து வாங்க வந்தீங்களா?" போன வருஷம் இலைக்குப்பை என்று அந்த மரத்தை வெட்டச் சொல்லித் தெருவில் ஒரு மனு போனது, முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. "அது... சும்மா ஒரு இதுக்காக" என்றேன். "எனக்கு நெருப்பு தொழில்லயே போதும் சார், தலைக்கு மேலயும் வேணுமா?" என்றார். உங்கள் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளே ஆரம்பித்தேன். டைல்ஸ் போடச்சொல்லி ஏறிய அதே பதினோரு வாசலிலும் பெயர்க்கச்சொல்லி ஏறினேன். வாசலுக்கு முன் பாதி மண்ணாக வேண்டும், செடி வேண்டும், கொடி வேண்டும், மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு வேண்டும், மரம் வளரும்வரை அதுதான் கைகொடுக்கும் என்று உங்கள் மகள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். பல் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அண்ணே, நீங்களே ஒட்டினீங்க, நீங்களே பிடுங்கறேங்கறீங்க. பல்லு விஷயத்துல நான்கூட இவ்வளவு துணிஞ்சதில்ல." கார்டு எழுத்துமூலம் உத்தரவு கேட்டார், எழுதிக் கொடுத்தேன், கீழே நேரம் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார், போட்டேன். கடைசியில் எல்லோரும் சம்மதித்தார்கள், டைல்ஸ்தான் சம்மதிக்கவில்லை. நாற்பது வருஷம் அசையாது என்று சொல்லித்தான் விற்றேன். என் வியாபார வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று கடப்பாரையைப் பிடித்த பிறகு தெரிந்தது. என் மூட்டு போனது அப்போதுதான். பட்டறைக்காரர் கோபத்தை மறந்து எல்லா வீட்டுக்கும் கொடி ஏற இரும்புப் பந்தல் அடித்துக் கொடுத்தார். மனு மட்டும் ஞாபகம் இருக்கிறதாம், வாரம் ஒருமுறை விசாரிக்கிறார்.

மூன்றாவது படத்தன்று நான் ஒன்றும் செய்யவில்லை. பத்து இருபத்தொன்றுக்குக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து உங்கள் மகள் வந்தாள், இந்தத் தடவை முழு வாக்கியத்தையும் கேட்டேன். "மேகம் இல்ல, பிளாஸ்டிக் இல்ல, சுத்தமான படம். நம்ம புள்ளி ரெண்டு டிகிரி இறங்கியிருக்கு மாமா. சிவப்பு போய் ஆரஞ்சுக்கு வந்தாச்சு." மொட்டைமாடித் தரை ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்திருக்கிறது, அவளே மேலே போய்ச் சுட்டுவந்து கருவியில் எண்ணைக் காட்டினாள். பையன் ஏரிப்பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். குழந்தைக்கு வேர்க்குரு உதிர்ந்துவிட்டது, மத்தியானம் இரண்டு மணிநேரம் தூங்குகிறாள். மூட்டின் காரணமாக நான் மாடிப்படி ஏறுவதில்லை, ஆனால் கீழே நின்றாலே மாடி அறைக் கதவு திறக்கும்போது ஜில்லென்று ஒரு காற்று படியில் இறங்கி வருகிறது. சுண்ணாம்பு என்றால் இப்படி ஒரு சுண்ணாம்பா! நான் படியடியில் நாற்காலி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்குகிறேன். எனக்குள் இருந்த ஒரு பெரிய பாறாங்கல்லை யாரோ பெயர்த்து வெளியே போட்ட மாதிரி இருக்கிறது.

தவறாக நினைக்காதீர்கள், ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எந்தக் கஷ்டம் வந்தாலும் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி அதைத் தீர்த்துவிடப் பார்க்கிறவர். எல்லாம் கடையில் கிடைக்காது சம்பந்தி, கடைக்காரன் சொல்கிறேன். உங்கள் புது வீட்டு முற்றத்துக்கு நான் அனுப்பிய டைல்ஸையும் பாதி பெயர்த்துவிடுங்கள். கடப்பாரையோடு நானே வருகிறேன், மூட்டு ஆறட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், வீட்டில் சின்னவர்களுக்கு என் ஆசிகள். எல்லோர் வாசலிலும் நிழல் விழட்டும், எந்தப் புள்ளியும் சிவக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வியர்வை உலர்ந்த
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை ஒட்ட உறை தேடி, வலியைப் பொறுத்துக்கொண்டு இப்போதுதான் மாடி அறைக்குப் போய்வந்தேன். ஜன்னலுக்கு மேலே வெள்ளையாக, நீளமாக ஒரு பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஏசி வந்து மூணு வாரமாச்சுங்க. நீங்க சுண்ணாம்பு வாங்கப் போனீங்களே, அன்னைக்கு மாட்டினது. போறதில்லைன்னு அவங்க அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. நீங்கதான் சுண்ணாம்பு சுண்ணாம்புன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்" என்கிறாள் என் மனைவி. அது வந்த அட்டைப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து.